ஆற்றங்கரைப் பெரட்டு

அவரை நல்ல மனிதர் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்ல எனக்கு அருகதை இல்லை என்பது ஒன்று. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் இருந்த ஆறு வருடமும் நாங்கள் அவரை வாய் வலிக்கத் திட்டினோம் என்பது இன்னொன்று.

வட்டகொடைக்கு மேலே எங்கள் டிவிசனில் அவர் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் செக்ரோல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புவது அவருடைய வேலை. மற்றக் கணக்கப்பிள்ளைமார் ஒரு பார்வையில் தலைகளை எண்ணி முடித்துவிடுவார்கள். இவர் அப்படியல்ல. மழை கொட்டினாலும், எங்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனத்தாலும், ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அதுவும் முழுப்பேர். லயத்து வரிசை வீடுகளெல்லாம் லோகா என்று கூப்பிடுகிற என் கூட்டாளி அவருக்கு லோகேஸ்வரி. நான் சாந்தகுமாரி. அந்தப் பேரை என் அம்மாவே மறந்து பல வருடம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கம் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றுதான் சொல்வோம். பெரட்டுக்கு வந்து பதில் சொன்னால் பேர் விழும். பிந்தினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். லோகா தினமும் பிந்துவாள். பீலியில் தண்ணீர் பிடிக்க அவள் முறை கடைசியில்தான் வரும். படுக்கையோடு கிடந்த அம்மாவையும் பள்ளிக்கூடம் போகிற மகனையும் கவனித்துவிட்டு அவள் ஓடிவருவதற்குள் பெரட்டு பாதி முடிந்திருக்கும். அதனால் அவளுக்கும் சேர்த்து நான் "இருக்கேங்க" சொல்லிவிடுவேன். தோட்டத்தில் இது பெரிய குற்றம் இல்லை. எனக்கு முன்னால் என் அம்மா அவள் கூட்டாளிக்குச் சொன்னாள். குரலைக் கொஞ்சம் மாற்றி, அடுத்தவள் தோளுக்குப் பின்னால் மறைந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

அவரிடம் அந்த வித்தை பலிக்காது. பேனாவை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார்.

"சாந்தகுமாரி, ஒரு வாய்க்கு ஒரு பேருதான்."

களமே சிரிக்கும். எனக்குக் காதெல்லாம் எரியும். லோகா மூச்சு வாங்க வந்து நிற்பாள். அவர் கையால் லயத்தின் பக்கம் காட்டுவார். ஒரு நாள் அவள் அழுதேவிட்டாள். நான் அவருக்கு முன்னால் போய் நின்று கெஞ்சினேன். "அஞ்சு நிமிசம்தானங்க, இந்தா வந்துட்டா, எழுதிக்கங்க" என்றேன்.

"கூப்பிட்டப்ப இருந்தாளா?"

"இல்லீங்க, ஆனா..."

"இல்லாதவள இருக்கான்னு எழுதுற கை எனக்கு இல்லம்மா."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். சாதாரணமாக, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். கல்யாணம் கட்டாதவர், அதனால்தான் ஈரமில்லை என்று சிலர் சொன்னார்கள். வயிற்றுப் புண் என்று சிலர். நான் சொன்னது அச்சில் வராது.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவர்மேல் ஒரு மனு எழுதினோம். பெண்களைக் கேவலமாகப் பேசுகிறார் என்று எழுதினோம். அவர் எங்களைக் கேவலமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் "பேர் சரியாகக் கூப்பிடுகிறார்" என்று மனுக் கொடுக்க முடியுமா? மனு தொழிற்சங்கத்துக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துரையிடம் போய், துரை அதை அவர் கையிலேயே கொடுத்தாராம். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்ன பதிலை, துரைக்கு அடுத்த கண்டாக்கு ஐயா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"இருவத்தி நாலு கையெழுத்து இருக்குங்க. எழுதின கை ஒம்பதுதான்."

உண்மைதான். வராதவர்களுக்கும் சேர்த்து நாங்களே போட்டிருந்தோம். லோகாவின் கையெழுத்து என்னுடையது.

வேறு டிவிசனுக்கு மாற்றுகிறோம் என்று துரை சொன்னபோது அவர் வேண்டாம் என்று விலகிப் போய்விட்டார். அவர் பிறந்த இடம் கினிகத்தேனைக்குக் கீழே, பொல்பிட்டியப் பக்கம். சின்ன வயதிலிருந்து அந்த ஊர் ஆற்றில் கிடந்தவர். அங்கே வெள்ளைக்காரர்களையும் கொழும்புக்காரர்களையும் ரப்பர் படகில் ஏற்றி, நுரைத்துப் பாய்கிற தண்ணீரில் விடுகிற இடமொன்றில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். முதலில் ஜெக்கெட்டுகளும் துடுப்புகளும் இருக்கிற அறைக்குப் பொறுப்பு. இரண்டு வருடத்தில், எந்த நாள் போகலாம், யார் போகலாம், எத்தனை படகு, எந்த வழி என்று முடிவு செய்கிற ஆள் அவர்தான்.

அங்கேயும் அவரைப் பிடிக்காதவர்கள்தான் அதிகம் என்று அந்தப் பாதையில் வேன் ஓட்டுகிற லோகாவின் சித்தப்பா மகன் சொல்வான். அதைக் கேட்க எங்களுக்குத் திருப்தியாக இருந்தது. காலையில் படகு இறங்குவதற்கு முன்னால், கிளை வெட்டக் கையில் கத்தியோடு கரை நெடுக நடந்து பார்த்துவிட்டு வருவாராம். மின்நிலையத்தில் எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேட்காமல் ஒரு படகையும் அவிழ்க்க மாட்டாராம். ஜெக்கெட்டை ஆட்களே போட்டுக்கொள்ள விடமாட்டார். தானே பட்டியை இறுக்கி, தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பார். காதுவரை ஏறினால், "இது ஜெக்கெட் இல்ல, தாவணி" என்று கழற்றி வேறு போடுவார். கொழும்பிலிருந்து பெரிய கம்பனிக்காரர்கள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியபோது, ஒருவனிடம் சாராய வாடை அடித்தது என்று அத்தனை பேரையும் ஆற்றைக் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு பாய்ச்சல் முடிந்ததும் எல்லோரையும் கரையில் நிறுத்தி முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவாராம். ஜெர்மன்காரப் பேராக இருந்தாலும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுவாராம். வேன்காரன் நடித்துக் காட்டுவான். லயத்து வாசலில் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஹட்டனில் தேர் பார்க்கப் போனபோதுதான் அவரை மறுபடி கண்டேன். லோகாவும் கூட இருந்தாள். வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டு, நாங்கள் ஆச்சரியப்படும்படி சிரித்துக்கொண்டிருந்தார். மனுவில் கையெழுத்துப் போட்ட எனக்குக் கால் கூசியது. அவர் அதை நினைத்ததாகவே தெரியவில்லை.

"எப்படீங்க இருக்கு அங்க?" என்று லோகா கேட்டாள்.

"நிம்மதிம்மா. ஆத்துல யாரும் அடுத்தவனுக்காக இருக்கேன்னு சொல்ல மாட்டான். தண்ணிக்குப் பயந்தாவது உண்மையப் பேசுறான்."

நானும் சிரித்தேன்.

"அப்ப எங்களையும் ஒருவாட்டி கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் லோகா. "நம்ம மலைநாட்டுத் தண்ணி எறங்கித்தான் அங்க ஓடுது. எங்கெங்கயோ இருந்து வந்து அதுல ஆடிட்டுப் போறாங்க. நாங்க பீலியில கொடம் புடிக்கிறதோட சரி."

முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். நீந்தத் தெரியாது, தண்ணீர் பழக்கமில்லை, சேலை கட்டுகிற ஆட்கள் என்று காரணங்களை அடுக்கினார். லோகா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தாவணி போட்டவளெல்லாம் வரக்கூடாதாக்கும்" என்றாள். ஜெக்கெட் கதை எங்களுக்கும் தெரியும் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு வாரம் கழித்து லோகாவின் போனுக்கு எடுத்தார். மாதர் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர், அதற்கு மேல் ஒருத்தரும் கூடாது. மழை இல்லாத மாதம். ஆற்றின் அடிப்பாதியில் சின்னப் பாய்ச்சல்கள் மூன்று மட்டும். இரண்டு படகு, முன்னால் கயிறோடு போக ஒரு சின்னப் படகு. அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் தோட்டத்துக்கு வந்து பழக்குவார். சம்மதமா?

அந்த மூன்று ஞாயிறும் எங்கள் பெரட்டுக் களம் கூத்துக் கொட்டகைதான். யாருக்கு இழுப்பு, யாருக்கு வலிப்பு, யாருக்குப் பிரஷர், யார் மாசமாக இருக்கிறார் என்று கூச்சமில்லாமல் கேட்டு எழுதினார். இழுப்பு இருந்த ஒருத்தியை நிறுத்திவிட்டு வேறொருத்தியைச் சேர்த்தார். நின்றவள் மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிவிட்டுப் போனாள். மற்றவர்களை வாங்குகளில் இரண்டு வரிசையாக உட்காரவைத்து, கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, துடுப்புப் போடப் பழக்கினார். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, பெருவிரல் வெளியே தெரிய மிதக்க வேண்டும் என்று, காய்ந்த தரையில் எல்லோரையும் படுக்கவைத்தார். பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டின.

ஒன்றை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார். யாரோ வீட்டிலிருந்து தேயிலை வடியை வாங்கி வந்து, அதில் சாயத்தை ஊற்றிக் காட்டினார்.

"தண்ணி போயிருச்சு. சக்கை?"

"நிக்கிது."

"ஆத்துல மரம் விழுந்து கெடந்தா, அதுவும் இதுதான். தண்ணி கெளைக்குள்ள பூந்து போயிரும். நீங்க நின்னுருவீங்க. தண்ணி உங்கள அமுக்கிக்கிட்டே இருக்கும். மரத்தக் கண்டா ஒதுங்கணும். கூட ஒருத்தி மாட்டிக்கிட்டா ஒடனே சத்தம் போடணும். அந்த எடத்துல நிமிசம்தான் உசுரு."

எல்லோரும் தலையாட்டினோம். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நம்ம ஆளுங்கள நான் மொத தடவையா கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்தப் பெருமைதான் அவரைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாகவும் இருக்கிறது.

போன அன்றைக்கு நல்ல வெயில். நாங்கள் போய்ச் சேரும்போது அவர் கரையை நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். முகம் சரியில்லை. இரண்டாவது பாய்ச்சலுக்குக் கீழே வலது கரையில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. முந்தின வாரக் காற்றில் விழுந்திருக்க வேண்டும். எட்டிய கிளைகளை வெட்டியிருக்கிறார்கள், அடிமரமும் மிச்சக் கிளைகளும் தண்ணீருக்குள் கிடக்கின்றன, அதை அசைக்க முடியவில்லை.

"இன்னொரு நாளைக்கு வெச்சுக்குவோம்" என்றார்.

வேறு ஆட்களாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். நாங்கள் விடவில்லை. விடியமுன் எழும்பி, சோறு கட்டி, மகள்மாரின் களிசானைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்கள். லோகா அவர் கையைப் பிடிக்காத குறை. "எங்களுக்கு இன்னொரு நாளு எப்பங்க வரும்?" என்று கேட்டாள். அவர் அரைமணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து எங்களை உட்காரவைத்து, ரெண்டாவது பாய்ச்சல் முடிந்ததும் பீச்சாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று பத்துத் தடவை சொன்னார். நாங்கள் அந்தச் சொல்லுக்கே சிரித்தோம்.

முதல் பாய்ச்சல் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கரையில் பேர் கூப்பிட்டார். பன்னிரண்டு குரலும் வந்தது. "கணக்கப்பிள்ளை ஐயா, இங்கயும் பெரட்டா!" என்று ஒருத்தி கத்த, கூடவந்த சிங்களப் பையன்களும் 'பெரட்டு பெரட்டு' என்று சிரித்தார்கள். இரண்டாவதில், எங்கள் படகு முடிகிற இடத்தில் ஒரு கல்லில் உரசியது. லொறி வளைவில் திரும்பும்போது சாய்வது போல ஆறு பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம். அதைத்தான் செய்யாதே என்று மூன்று ஞாயிறாகச் சொல்லியிருந்தார். படகு கவிழ்ந்தது.

தண்ணீர் மூக்கில் ஏறியது ஞாபகம் இருக்கிறது. கயிறு ஒன்று கையில் பட்டது. யாரோ ஜெக்கெட்டின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். மணலில் கிடந்து இருமினேன். இடது கரையில் ஒரு பெரிய பாறை. அதற்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர், அந்தப் பக்கம் சிலர், கீழே மற்றப் படகுக்காரர்கள். அவர் பாறைமேல் ஏறி நின்றார். அங்கிருந்தும் எல்லோரையும் பார்க்க முடியாது; மரம் கிடந்த பக்கம் நுரையில் மறைந்திருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை எடுத்துப் பேர் கூப்பிட்டார். பட்டியல் நனைந்திருக்கும். அவருக்கு அது தேவையும் இல்லை.

"லோகேஸ்வரி."

பதில் வரவில்லை. ஒரு விநாடிகூட இருக்காது. பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. அது அவள்தான், தண்ணீர் குடித்துக் கிடக்கிறாள், வழக்கம்போல பிந்துகிறாள் என்று நினைத்தேன். நினைத்தேனா? சத்தியமாக இல்லை. நினைப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

"இருக்கேங்க!"

அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு பிஸ்கட். ஈரத்தோடே குடித்தோம். விழுந்த கதையை ஆளுக்கொரு மாதிரிச் சொல்லிச் சிரித்தோம். நான் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினேன். அந்தக் கோப்பையை நினைக்காமல் இன்றைக்கும் என்னால் தேத்தண்ணீர் குடிக்க முடிவதில்லை. பிறகு படகில் ஏறச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"லோகா எங்க?" என்று கேட்டவள் நான்தான்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை. மறு நொடி தண்ணீரில் குதித்துவிட்டார். மரத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் ஆளும் அவர்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடவந்த சிங்களப் பையன் ஒருவன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். கிளையிலிருந்து அவளை எடுக்க உதவியவன். எனக்குச் சிங்களம் விளங்கும் என்று தெரியாமலோ தெரிந்தோ, "எயா அல்லகென ஹிட்டியே" என்றான். அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாளாம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கிளையிலிருந்து விடுவித்தார்களாம். பிரித்தது கணக்கப்பிள்ளை. நகமெல்லாம் உடைந்திருந்ததாம். விழுந்தவுடன் போன உயிர் இல்லை. எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று கிடந்திருக்கிறாள். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

பொலிஸில் அவர் எனக்கு முன்னால் வாக்குமூலம் கொடுத்தார். மரம் கிடந்தது தெரிந்தும் படகை விட்டது தன் தவறு, எண்ணிக்கை பிழைத்ததும் தன் தவறு என்று சிங்களத்தில் சொன்னார். அடுத்தது நான். பேர் கூப்பிட்டாரா என்று கேட்டார்கள். கூப்பிட்டார் என்றேன். எல்லோரும் பதில் சொன்னார்களா?

"தெரியலீங்க. தண்ணிச் சத்தம்."

அவர் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றார். கேட்டிருக்கும்.

செத்த வீட்டுக்கும் வந்தார். வரவேண்டாம் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள், ஆனாலும் வந்தார். கட்டிலோடு கிடந்த லோகாவின் அம்மாவைத் தூக்கி வந்து வாசலில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் போய் முன்னால் நின்றார். ஒருவன் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் அடித்தான். அவர் கையைத் தூக்கவில்லை. அந்த அம்மாதான் விடச் சொன்னாள்.

"எம்புள்ள பேரக் கூப்பிட்டியாய்யா?"

"கூப்பிட்டேம்மா."

"கூப்பிட்டும் வரலைன்னா எங்கன்னு பாக்க மாட்டியா?"

வாசலில் அறுபது எழுபது பேர் இருந்திருப்போம். நான் அவரிடமிருந்து நாலு முழத்தில் நின்றேன், லோகாவின் மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு. 'பதில் வந்ததம்மா' என்ற இரண்டே சொல் போதும். சட்டை கிழிந்து நின்ற அந்த மனிதர் அதைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவனுக்கு எண்ணத் தெரியவில்லையே என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். மனுவில் கையெழுத்துப் போட்ட அதே பெண்கள். நானும் அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன், அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

நான் இப்போது கொழுந்து எடுப்பதில்லை. பிள்ளைமடுவத்தில் வேலை. காலையில் பிள்ளைகளைப் பேர் கூப்பிடுவதில்லை. ஒவ்வொன்றின் தலையையும் தொட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மேலதிகாரி அம்மா, "கூப்பிட்டா சொல்லுதுகதானே, எதுக்கு இப்படி?" என்கிறார். பழக்கமுங்க என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் அவரைத் தேடிப் போனேன். ஆற்று வேலை அன்றோடு போய்விட்டது. பூண்டுலோயாவில் ஒரு முஸ்லிம் நானாவின் உரக்கடையில் மூட்டை ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடை வாசலில் நானா இருந்தார். யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் பின்பக்கத்தைக் காட்டினார்.

"தங்கமான மனுசன் தங்கச்சி. ஒண்டுதான் வெளங்குதில்ல. லொறியில ஏறின ஆக்கள கொஞ்சம் எண்ணிப் பாருங்கண்டா மட்டும் எண்ண மாட்டாரு. வேற எந்த வேலயும் செய்வாரு."

பின்பக்கம் சாக்குகளுக்கு நடுவில் அவர் நின்றிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிடவில்லை.

"வாம்மா சாந்தகுமாரி. மூட்டை மேல உக்காரு."

நான் உட்காரவில்லை. வழியெல்லாம் யோசித்து வந்த முன்னுரை எதுவும் வாயில் வரவில்லை.

"அன்னைக்கி லோகா பேருக்கு பதில் சொன்னது நாந்தாங்க."

"தெரியும்மா."

"அப்பவே தெரியுமாங்க?"

"அப்ப கேட்டது பதிலு மட்டுந்தான். கொரலு அப்பறமாத்தான் கேட்டுச்சு." கையிலிருந்த சாக்கு ஊசியைத் திருப்பினார். "ஆறு வருசம் கேட்ட கொரலு. ஆத்துல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சுட்டேன். அங்க நின்னது நம்ம ஆளுங்கங்கிறத மறந்துட்டேன்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருக்கலாம்.

"ஏங்க யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா? அவ வந்துருவாளா?"

வெளியே லொறி ஒன்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. நான் வந்தது ஒரு கேள்வி கேட்கத்தான். இரண்டு வருடமாகத் தூங்கவிடாத கேள்வி.

"நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா... அவ பேருக்குப் பதில் வராம இருந்து, நீங்க அப்பவே தேடியிருந்தா, லோகா பொழச்சிருப்பாளாங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கைகள்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவை. சாக்கு ஊசியைக் கீழே வைத்தார். பெரட்டுக் களத்தில் பேசுகிற அதே சாதாரணக் குரலில் சொன்னார்.

"இல்லம்மா. விழுந்த அடியிலயே போயிருச்சு. நீ சொன்னாலும் சொல்லாட்டியும் ஒண்ணுதான். போயி நிம்மதியா இரு."

எவர் கண்ணீருக்கும், எவர் கெஞ்சலுக்கும், ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் பொய்ப் பேர் போட்டதில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்று போட்டார். நான் மறுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்தச் சிங்களப் பையன் சொன்னது தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க" என்றேன். வழக்கம்போல வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.